பெயருக்குச் சொந்தக்காரர் யார்?



நம் சங்கத்தில் ஒரு நாள் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்தில் சிலர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். டிரேட் மார்க்கு பதிவு செய்வதைப் பற்றிப் பேச்சு வந்தது. துணிக்கடை வைத்திருக்கும் ஒரு சகோதரர் கேட்டார்: "பெயர் என்பது வாயிலிருந்து புறப்பட்டுக் காற்றில் போகிற சப்தம். அதற்கு ஒருவன் சர்க்காரில் பணம் கட்டி, இது என்னுடையது, வேறு எவனும் இதைப் போடக்கூடாது என்று வேலி அடிப்பது மார்க்கத்தில் கூடுமா? ரிஸ்கு கொடுக்கிறவன் அல்லாஹ் அல்லவா?" உடனே இன்னொருவர், "ரிஸ்கு கொடுக்கிறவன் அல்லாஹ்தான். அப்படியானால் ராத்திரி உங்கள் கடைக்கு ஏன் பூட்டுப் போடுகிறீர்கள்?" என்றார். எல்லோரும் சிரித்தோம். டீ வந்தது. பேச்சு அதோடு நின்றுவிட்டது.

எனக்கு மட்டும் அது நிற்கவில்லை. அந்தச் சமயத்தில் என் கல்லாப் பெட்டியில் அப்படிப்பட்ட ஒரு விண்ணப்பம் கையெழுத்துப் போடாமல் கிடந்தது. ஃபத்வா கொடுக்கும் அளவுக்கு ஓதியவன் அல்லன் நான். இதிலே தவறு இருந்தால் நம் ஆலிம்கள் திருத்த வேண்டும். ஒரு வியாபாரி தன் மனதோடு வழக்காடியதை மற்ற வியாபாரிகளுக்குச் சொல்கிறேன், அவ்வளவே.

முதலில் மார்க்கு என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். மலாய்க்காரர் அதைச் 'சாப்' என்கிறார்கள். என் அத்தா காலத்தில் எங்கள் கடைக்கு வரும் தோட்டத்துப் பெண்கள் பலருக்கு எழுத்துத் தெரியாது. சென்ற தடவை வாங்கிய கறித்தூள் பையின் கிழிந்த துண்டைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு வருவார்கள். அதை அவிழ்த்துக் காட்டி, இந்தப் படம் போட்டதுதான் வேண்டும் என்பார்கள். படத்தில் இருந்தது ஒரு மரக்கலம். அந்தப் பெண்கள் அத்தாவின் முகத்தைப் பார்த்து வாங்கவில்லை, அந்தப் படத்தை நம்பி வாங்கினார்கள். மல்லியில் உமி கலக்கவில்லை, மிளகாயில் சாயம் போடவில்லை என்று அத்தா இல்லாத இடத்திலும் அவருக்காக அந்தப் படம் சாட்சி சொல்லிற்று. ஆகவே மார்க்கு வெறும் சப்தம் என்று சொன்ன சகோதரரோடு நான் ஒத்துப்போக முடியவில்லை. அது ஓர் அமானத்து. வாங்குகிறவன் நம்மிடம் ஒப்படைத்த நம்பிக்கை அதில் இருக்கிறது.

அதே படத்தை வேறொருவன் தன் பையில் அச்சடித்து, உள்ளே மட்டமான தூளை நிரப்பி விற்றால் நஷ்டம் கடைக்காரனுக்கு மட்டுமில்லை. எழுத்துத் தெரியாத அந்தப் பெண்ணும் ஏமாறுகிறாள். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருந்ததைக் கண்டு, அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று வியாபாரியைக் கண்டித்த ஹதீஸை நாம் மதரஸாவிலேயே ஓதியிருக்கிறோம். மேலே காய்ந்ததும் உள்ளே நனைந்ததுமாக வைப்பதற்கும், மேலே ஒருவருடைய மார்க்கும் உள்ளே இன்னொருவருடைய சரக்குமாக வைப்பதற்கும் என்ன வித்தியாசம்?

இனி சட்டம். இதில் நம்மவர்களில் அநேகர் ஒரு தவறான எண்ணத்தில் இருக்கிறார்கள். "எஸ்.எஸ்.எம்.மில் பெயரைப் பதிவு செய்து விட்டேன், வருஷா வருஷம் பணம் கட்டுகிறேன், பெயர் என்னுடையதுதான்" என்கிறார்கள். அப்படியில்லை. 1956-ஆம் வருஷத்து வியாபாரப் பதிவுச் சட்டத்தின் கீழ் நாம் பதிவது, இன்ன ஆள் இன்ன பெயரில் இன்ன இடத்தில் தொழில் செய்கிறார் என்ற தகவல்தான். சரக்கின் மேல் போடும் குறிக்கு அது உரிமை தருவதில்லை. அந்த உரிமைக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. முன்பு 1976-ஆம் வருஷத்துச் சட்டம் இருந்தது. 2019 டிசம்பர் 27 முதல் 2019-ஆம் வருஷத்து டிரேட் மார்க்கு சட்டம் நடப்பில் உள்ளது. மைஐபிஓ என்று சொல்லப்படும் மலேசிய அறிவுசார் சொத்து நிறுவனத்தில் மனுப் போட வேண்டும்.

உலகத்துச் சரக்குகளையும் சேவைகளையும் 45 வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மசாலா, தேயிலை, காப்பி எல்லாம் 30-ஆம் வகுப்பு. நெய்யும் சமையல் எண்ணெயும் 29. உடுக்கும் துணிகள் 25. சாப்பாட்டுக் கடை 43. எந்த வகுப்பில் பதிகிறோமோ அந்த வகைச் சரக்குக்குத்தான் முதன்மையாகக் காப்பு. மனுவை அதிகாரிகள் பார்த்து ஒப்புக்கொண்டால் அதைத் தங்கள் ஜர்னலில் வெளியிடுகிறார்கள். வெளியான நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் ஆட்சேபம் உள்ளவர் எழுத்து மூலம் சொல்ல வேண்டும். யாரும் சொல்லாவிட்டால் மார்க்கு பதிவாகிவிடும். பத்து வருஷத்துக்கு அது செல்லும், பிறகு பத்துப் பத்து வருஷமாகப் புதுப்பிக்கலாம்.

எல்லாச் சொல்லையும் பதிய முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'கறித்தூள்' என்ற சொல்லை மட்டும் ஒருவர் தமதாக்கிக்கொள்ள முடியாது. 'நாசி கண்டார்' என்பதும் அப்படித்தான். காவடித் தண்டில் சோற்றையும் குழம்பையும் சுமந்து பினாங்குத் துறைமுகத்தில் விற்ற நம் முன்னோர்களால் வந்த பெயர் அது. அவர்களில் ஒருவருக்கும் அது தனிச் சொத்து ஆகவில்லை, ஆகவும் கூடாது. நாம் உடுக்கும் 'காயின் பெலெகாட்' கைலியை எடுத்துக்கொள்ளுங்கள். சோழமண்டலக் கரையிலுள்ள பழவேற்காட்டின் பெயர்தான் ஐரோப்பியர் வாயில் 'புலிகாட்' ஆகி, மலாய் வாயில் 'பெலெகாட்' ஆனது. இன்று எந்த ஊரில் நெய்தாலும் அந்தப் பெயர்தான். ஓர் ஊரின் பெயர் ஒரு துணியின் பெயராகி, எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. பெயர்களில் இப்படி ஆற்றுத் தண்ணீர் போன்றவையும் உண்டு, ஒருவர் தம் செலவில் தோண்டிய கிணறு போன்றவையும் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் வாக்குவாதம் முடிவதில்லை என்று எனக்குப் படுகிறது.

கோலாலம்பூரில் ஜாலான் ஈப்போவில் 'மெக்கறி' என்ற பெயரில் நம் இந்தியர் ஒருவர் 1999-இல் சாப்பாட்டுக் கடை திறந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். அமெரிக்கப் பெரிய கம்பெனியான மெக்டொனால்ட்ஸ், 'மெக்' என்ற எழுத்துகளால் மக்கள் மயங்குவார்கள் என்று வழக்குப் போட்டது. 2006-இல் ஹைகோர்ட்டு கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லிற்று. 2009 ஏப்ரலில் அப்பீல் கோர்ட்டு அதை மாற்றியது. அதே வருஷம் செப்டம்பரில் ஃபெடரல் கோர்ட்டு கம்பெனியின் மனுவைத் தள்ளிவிட்டது. ரொட்டி சானாயும் மீன் தலைக் கறியும் சாப்பிட வந்தவன், தான் பர்கர் கடைக்கு வந்திருப்பதாக மயங்கமாட்டான் என்பது சாதாரண புத்திக்கே தெரியும். ஆனால் அந்தத் தீர்ப்பைப் பெறுவதற்கு ஒரு சிறிய கடைக்காரர் எத்தனை வருஷம் கோர்ட்டுப் படி ஏற வேண்டியிருந்தது என்பதை நாம் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். நியாயம் நம் பக்கம் இருந்தாலும் அதை எடுத்துக் காட்டக் காகிதம் வேண்டும், காசு வேண்டும், காலம் வேண்டும்.

பெயர் ஷரீஅத்தில் 'மால்', அதாவது சொத்து ஆகுமா என்ற கேள்விக்கும் இடம் உண்டு. பழைய ஹனஃபி கிதாபுகளில், கையில் பிடித்துச் சேமித்து வைக்கக்கூடிய பொருளைத்தான் மால் என்று எண்ணினார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் ஒரு பொருளால் வரும் பயனையும் மால் என்றார்கள். இந்தக் காலத்து விஷயமாக உலக நாடுகளின் ஆலிம்கள் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, 1988 டிசம்பரில் குவைத்தில் நடந்த ஐந்தாவது கூட்டத்தில், தனது 43-ஆம் தீர்மானத்தில் இதைத் தெளிவாக்கியது. வியாபாரப் பெயர், வியாபாரக் குறி முதலியவை உடையவர்களுக்குச் சொந்தமான ஹக்குகள், அவற்றுக்குப் பண மதிப்பு உண்டு, அவற்றில் அத்துமீறக் கூடாது, மோசடி இல்லாமல் அவற்றைக் கைமாற்றலாம் என்பது அதன் சாரம். ஆகவே துணிக்கடைச் சகோதரரின் கேள்விக்கு விடை உண்டு: கூடும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்று போதித்த மார்க்கத்தில் இதற்குத் தடை வராது.

ஆனால் எனக்குத் தூக்கம் கெட்டது அந்தக் கேள்வியால் அன்று. கட்டப்போவது யாருடைய ஒட்டகம் என்ற கேள்வியால்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். பேராக்கில் உள்ள எங்கள் கடையில் அந்த மரக்கல மார்க்கு நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடுகிறது. பேரங்காடிகளுக்குச் சரக்குப் போட ஆரம்பித்தபோது, பதிவுப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஓர் ஏஜெண்டிடம் போனேன். அவர் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்து, "இந்தப் படமும் பெயரும் 30-ஆம் வகுப்பில் யாரும் பதியவில்லை. நாளைக்கே போட்டுவிடலாம்" என்றார். மனுவில், எனக்குத் தெரிந்தவரை இந்த மார்க்கின் மீது உரிமை எனக்கே என்ற கருத்தில் உறுதி சொல்ல வேண்டியிருந்தது. 'எனக்குத் தெரிந்தவரை' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

காரணம், எனக்குத் தெரியும். கெடாவில் ஒரு சின்ன டவுனில் அதே மரக்கலம் போட்டு ஒரு பெரியவர் கறித்தூள் விற்கிறார். ரொம்ப வருஷத்துக்கு முன்பு ஒரு கலியாணத்துக்குப் போன இடத்தில் அந்தப் பையைப் பார்த்திருக்கிறேன். அவரும் அத்தாவும் பினாங்கில் ஒரே முதலாளியிடம் வேலை பார்த்தவர்கள் என்று அத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஏஜெண்டிடம் இதைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர்தான், தம் தொழிலைச் செய்தார். "அவர் பதியவில்லை அல்லவா? ஜர்னலில் வெளியிடுவோம், இரண்டு மாதம் டைம் இருக்கிறது, ஆட்சேபம் இருந்தால் அவர் சொல்லட்டும். சட்டப்படி அறிவிப்புக் கொடுத்தாயிற்று" என்றார்.

சகோதரர்களே, கெடாவில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எண்பது வயதுப் பெரியவர் அந்த ஜர்னலைப் பார்ப்பாரா? நம்மில் யார் பார்த்திருக்கிறோம்? மையத்து அறிவிப்பைப் படிக்காமல் பத்திரிகையை மடிக்காத நாம், அந்த ஜர்னல் எங்கே கிடைக்கும் என்றாவது விசாரித்திருக்கிறோமா? சட்டத்தைக் குறை சொல்வதற்கில்லை. நாடு முழுவதும் வீடு வீடாகச் சென்று கேட்க ஒரு சர்க்காரால் முடியாது. அது பொதுவில் அறிவித்துவிட்டு, பேசாதவனுக்கு ஆட்சேபம் இல்லை என்று எடுத்துக்கொள்கிறது. தெரியாதவன் விஷயத்தில் சட்டம் செய்யக்கூடியது அவ்வளவுதான். எனக்கோ தெரியும். தெரிந்தவன் அந்த இரண்டு மாதத்தை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பது வேறு விஷயம்.

உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. வழக்காடுகிறவர்களில் ஒருவர் மற்றவரைவிடப் பேச்சில் வல்லவராக இருக்கலாம் என்றும், தாம் கேட்டதை வைத்தே தீர்ப்புச் சொல்வதாகவும், அப்படி ஒருவருக்குத் தம் சகோதரனின் ஹக்கைத் தீர்ப்பளித்துவிட்டால் அது நெருப்பின் ஒரு துண்டுதான் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் என்பது அதன் கருத்து. ரஸூலுல்லாஹ்வின் திருவாயால் வந்த தீர்ப்பே பிறன் பொருளை ஒருவனுக்கு ஹலாலாக்காது என்றால், ஓர் அலுவலகத்து முத்திரை ஆக்குமா?

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காக ஒரு குதிரை 300 திர்ஹத்துக்குப் பேசி முடிக்கப்பட்டது. அவர்கள் குதிரையைப் பார்த்துவிட்டு விற்றவரிடமே போய், உமது குதிரை இதைவிட அதிகம் பெறும் என்று சொல்லி நூறு நூறாக ஏற்றி 800 கொடுத்தார்கள். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நாயகத்திடம் பைஅத்துச் செய்திருக்கிறேன் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். விற்றவர் விலை தெரியாதவர். கேட்டது 300, கொடுத்தால் வியாபாரம் சுத்தம், எந்தக் காழியும் குற்றம் சொல்ல முடியாது. எதிரில் நிற்பவனுக்குத் தெரியாததைத் தமக்கு லாபமாக்கிக்கொள்ள அவர்கள் மனம் ஒப்பவில்லை. இந்தச் சரித்திரத்தைப் பயானில் கேட்டுத் தலையை ஆட்டியிருக்கிறேன். விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு நினைத்தபோதுதான் அதன் கனம் தெரிந்தது. 500 திர்ஹம் இன்றைக்கு என் கணக்கில் எத்தனை வெள்ளி ஆகும்?

பிறருடைய பெயரை வேண்டுமென்றே முந்திப் பதிகிறவர்களும் இருக்கிறார்கள். ஊரில் புகழ் பெற்ற ஒரு கடை நாளை மலேசியாவுக்கு வரும் என்று தெரிந்து, அந்தப் பெயரை இன்றைக்கே இங்கே பதிந்து வைத்துக்கொண்டு, அவர்கள் வந்து இறங்கும்போது விலை பேசுவது. இதைச் சிலர் சாமர்த்தியம் என்று பெருமை பேசக் கேட்டிருக்கிறேன். தீய எண்ணத்தோடு பதிந்ததைக் கோர்ட்டில் ரத்துச் செய்யச் சட்டத்தில் வழி உண்டு. ஃபிக்ஹில் இதற்கு ஒரு சரியான உவமை கிடைக்கிறது. யாருக்கும் சொந்தமில்லாத தரிசு நிலத்தை உழுது பயிர் செய்தவனுக்கு அது சொந்தம். சுற்றிலும் கல்லை மட்டும் நட்டு வைத்தவனுக்கு முன்னுரிமை உண்டே தவிரச் சொந்தம் இல்லை. மூன்று வருஷம் சும்மா போட்டிருந்தால் அந்த முன்னுரிமையும் போகும் என்று ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பாக ஃபிக்ஹு கிதாபுகளில் வருகிறது. நம் நாட்டுச் சட்டத்திலும் பதிந்த மார்க்கைத் தொடர்ந்து மூன்று வருஷம் பயன்படுத்தாமல் போட்டிருந்தால் கோர்ட்டு அதை நீக்கலாம். அந்த மூன்றும் இந்த மூன்றும் ஒத்துப்போவது தற்செயலாக இருக்கலாம், ஆனால் என் மனதுக்கு அது இதமாக இருந்தது. நானும் கெடாப் பெரியவரும் இருவருமே உழுதவர்கள். கல் நட்டவர் எங்களில் ஒருவரும் இல்லை. அதனால்தான் சிக்கல்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து காரை எடுத்துக்கொண்டு கெடாவுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் ஷைத்தான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தான். "நீ போய்ச் சொன்னால் அவர் மகன் இன்றைக்கே ஓடிப் போய்த் தன் பெயரில் போட்டுவிடுவான். உன் நாற்பது வருஷம் போச்சு" என்றான். அது வெறும் வஸ்வாஸ் என்றும் தள்ள முடியாது, நடக்கக்கூடியதுதான். முன்பிருந்தே நல்லெண்ணத்தோடு தொடர்ந்து பயன்படுத்தி வந்தவனுக்குச் சட்டம் ஒரு காப்பு வைத்திருக்கிறது என்று ஏஜெண்டு சொல்லியிருந்தார். ஆனால் அதற்குப் பழைய பில்லும் லேபலும் காட்ட வேண்டும். வெள்ளத்தில் எங்கள் பழைய கணக்குப் புத்தகங்களில் பாதி போய்விட்டது.

பெரியவர் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அத்தா பெயரைச் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, உட்காருங்க. உங்க அத்தாவும் நானும் ஒரே பாயில படுத்தவங்க" என்றார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் மகனுக்குத்தான் முகம் மாறியது. "இதை எங்களிடம் வந்து சொல்ல வேண்டிய அவசியம் என்ன? என்ன எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார். நான் கோபப்படவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன். நன்மை செய்ய வருகிறவனைச் சந்தேகிக்கும் அளவுக்கு நம் வியாபாரம் வந்துவிட்டது.

"மாமு, இந்த மார்க்கை முதலில் போட்டது யார்?" என்று கேட்டேன்.

பெரியவர் சிரித்தார். "நானும் இல்ல, உங்க அத்தாவும் இல்ல. பினாங்கு முதலாளி போட்டது. அவர் கடையைச் சாத்திட்டு ஊருக்குப் போறப்ப அச்சடிச்ச பை நெறைய மிச்சம் இருந்துச்சு. ரெண்டு கட்டாக் கட்டி, ஒண்ணு எனக்கு, ஒண்ணு உங்க அத்தாவுக்குன்னு கொடுத்தார். பை தீர்ந்ததும் நாங்க ஆளுக்கு ஒரு பிளாக்கு செஞ்சு அதே படத்தை அடிச்சுக்கிட்டோம்."

நான் பேச்சற்று இருந்தேன். அந்த முதலாளி பையைக் கொடுத்தாரா, பெயரைக் கொடுத்தாரா? பையை மட்டும் கொடுத்திருந்தால், பை தீர்ந்த அன்றே அந்தக் கொடை தீர்ந்துவிட்டது. பெயரையும் கொடுத்ததாக வைத்தால் அது ஹிபா, இருவருக்கும் சரிபாதி. அல்லது அவர் விட்டுவிட்டுப் போன நிலத்தை இவர்கள் உழுததாக வைக்கலாமா? வாரிசு இருக்கும்போது அதை விட்டுப் போன நிலம் என்று சொல்லலாமா? "முதலாளிக்கு வாரிசு உண்டா மாமு?" என்றேன். "ஒரு மகள் இருந்துச்சு. ஊர்லதான் கட்டிக் கொடுத்தாங்க. இப்ப இருக்கோ இல்லையோ" என்றார்.

எங்கள் ஊர் ஹஜரத்திடம் பிறகு இதைச் சொன்னபோது, நாற்பது ஐம்பது வருஷம் முதலாளியோ வாரிசோ கேட்காமல் இருந்ததும், அவர் தம் கையாலேயே பையைக் கொடுத்ததும் சம்மதத்துக்கு அடையாளமாகலாம் என்றார்கள். "ஆனாலும் கேட்டுக்கொள்வது பேணுதல். கேட்பதில் உமக்கு என்ன குறைந்துவிடும்?" என்றும் சொன்னார்கள். என்ன குறையும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் அவர்களிடம் சொல்லவில்லை.

கடைசியில் பெரியவர்தான் வழி சொன்னார். ரெண்டு பேர் பெயரிலும் போட்டுவிடலாம், கேட்காமல் கிடந்தால் மூன்றாமவன் எவனாவது போட்டுவிடுவான் என்றார். ஒரு மார்க்கை இருவர் கூட்டாகப் பதியச் சட்டத்தில் இடமுண்டு. ஏஜெண்டுக்கு அது பிடிக்கவில்லை. கூட்டுச் சொத்து நாளைக்குப் பிள்ளைகள் காலத்தில் கோர்ட்டுக்குப் போகும் என்றார். அதில் உண்மை இருக்கிறது. பதிவான மார்க்கு அசையும் சொத்தைப் போல வாரிசுக்கு இறங்கும். அப்படியானால் ஃபராயிளு பிரகாரம் அவருடைய மூன்று ஆண் பிள்ளைகளுக்கும் ஒரு பெண் பிள்ளைக்கும், என்னுடைய இரண்டு பெண்களுக்கும் மற்ற ஹக்குதாரர்களுக்கும் ஒரு மரக்கலத்தைப் பங்கு வைக்க வேண்டும். பாய்மரம் யாருக்கு, சுக்கான் யாருக்கு என்று பெரியவர் தமாஷ் செய்தார். அதனால் ஒரு ஒப்பந்தமும் எழுதிக்கொண்டோம். அவர் குடும்பம் விற்கும் பகுதி, எங்கள் குடும்பம் விற்கும் பகுதி, தூளில் கலப்படம் கண்டால் மற்றவருக்குக் கேட்கும் உரிமை, முதலாளியின் வாரிசு வந்து கேட்டால் மூவரும் உட்கார்ந்து பேசித் தீர்ப்பது என்று நான்கு ஷரத்து. இப்படிச் செய்கிறவர்கள் ஒப்பந்தத்தை வக்கீலிடம் காட்டிக்கொள்வது நல்லது. நாங்களும் காட்டினோம், அவர் ஏழு பக்கமாக ஆக்கிக் கொடுத்தார்.

கலப்பட ஷரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது வேண்டும் என்று கேட்டது அந்த மகன், என்னைச் சந்தேகித்தவர். முதலில் எனக்குச் சுருக்கென்றது. பிறகு யோசித்தால், அந்த ஒரு ஷரத்துதான் மார்க்கின் உயிர். தோட்டத்துப் பெண் முடிந்து வந்த அந்தக் காகிதத் துண்டுக்கு நாங்கள் இருவரும் பதில் சொல்ல வேண்டியவர்கள். பெயர் என்னுடையதா அவருடையதா என்று சண்டை போடுகிற நேரத்தில், பெயரை நம்பி வாங்குகிறவளை நாங்கள் இருவருமே மறந்திருந்தோம்.

மனுப் போட்டாகிவிட்டது. அரசாங்கக் கட்டணம், ஏஜெண்டு, வக்கீல் எல்லாச் செலவிலும் பாதியைப் பெரியவர் ரொக்கமாகவே கொடுத்தார். கல்லாவில் இருந்து எடுத்த சின்ன நோட்டுகள், எல்லாவற்றிலும் சீரக வாசம். முதலாளியின் ஊர் ஜமாஅத்துக்கு அவரே தம் கையால் ஒரு கடிதம் எழுதினார். பதில் இன்னும் வரவில்லை. ஜர்னலில் எங்கள் மார்க்கு வெளியாகும் நாளிலிருந்து இரண்டு மாதக் கணக்கு ஆரம்பிக்கும். அந்தப் பக்கத்தின் நகல் ஒன்றையும் அதே ஜமாஅத்துக்கு அனுப்புவதாகப் பேசியிருக்கிறோம். கவரில் விலாசம் எழுதித் தபால் தலையும் ஒட்டி, விண்ணப்பம் கிடந்த அதே கல்லாப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.